கரண்ட் கம்பி எட்டாத வீட்டில் தியாகலிங்கம்

ரொறன்ரோவில் ரூஜ் பக்கம் போய் தியாகலிங்கம் யார் என்று கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் திருத்துகிறவர். வாய் திறக்க மாட்டார். இரண்டும் சரி. ஆனால் ஒரு மனிசனை இரண்டு வரியில் முடிக்கிற சனத்தைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்தொன்பது வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன். அவனைப் பற்றி எனக்கு இன்னும் கொஞ்சம் தெரியும். அதைச் சொல்லப் போனால் என் வண்டவாளமும் சேர்ந்து வெளியில் வரும். வரட்டும்.

என் பெயர் சண்முகலிங்கம். முப்பது வருடம் ரொறன்ரோவில் பஸ் ஓடி ஓய்வெடுத்தவன். முப்பது வருடமும் ஆட்களைப் பின்னுக்குப் போகச் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதே குரலில்தான் கதைக்கிறேன் என்று மனைவி ரதி சொல்லுவாள். தியாகு என்னை விட எட்டு வயது இளையவன். அண்ணை என்று கூப்பிடுவான். அதற்கு மேல் ஒரு நாளைக்குப் பத்துச் சொல் கதைத்தால் அது அதிகம்.

எண்பத்தொன்பதில் கனடாவில் வந்திறங்கியவன். பார்க்டேலில் ஒரு பழைய கட்டிடத்தில் ஐந்து பேருக்கு ஓர் அறை. முதல் பனிமாரியிலேயே கட்டிடத்தின் ஹீற்றர் நின்றுவிட்டது. வீட்டுக்காரன் நாளைக்கு, நாளைக்கு என்று பதினொரு நாள் இழுத்தான். ஐந்து பேரும் கோட்டைக் கழற்றாமல், சப்பாத்தைக் கழற்றாமல் சமையலறை அடுப்பைச் சுற்றிப் படுத்தார்களாம். பன்னிரண்டாம் நாள் ஒரு போர்த்துக்கேயக் கிழவன் பெட்டியோடு வந்து திருத்திக் கொடுத்துவிட்டுப் போனான். "பத்து நிமிச வேலை அண்ணை," என்று தியாகு எனக்கு ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறான். அந்தப் பத்து நிமிட வேலையைப் படிப்பதற்காக, உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டே நான்கு வருடம் பின்னேர வகுப்புக்குப் போனான்.

அவனுடைய வேலை முறை வித்தியாசமானது. மாரிக்குள் ஒரு வீட்டில் சூடு நின்றுவிட்டது என்று கூப்பிட்டால், மற்றவர்கள் நேரே நிலவறைக்கு இறங்கி ஃபேர்னஸைத் திறப்பார்கள். தியாகு இறங்க மாட்டான். "வீட்டில சின்ன ஆள் ஆர்? வயசு போன ஆள் ஆர்? எங்க படுக்கினம்?" என்று கேட்பான். எல்லோரையும் இருப்பதிலேயே சின்ன அறைக்குள் அனுப்பி, கதவடியில் துவாய் சுருட்டி வைத்து, தன் வான் வண்டியில் இருக்கும் கம்பளியையும் கொண்டு வந்து கொடுத்துவிட்டுத்தான் கீழே போவான். முதல் ஆக்கள், பிறகுதான் வீடு என்பது அவன் கணக்கு. "வாய்க்குள்ள கொழுக்கட்டையோ? வந்த வேலையைப் பாராமல் கம்பளி விரிச்சுக்கொண்டு நிக்கிறாய்," என்று நான் நக்கலடித்திருக்கிறேன். சிரிப்பான், அவ்வளவுதான்.

இந்த வருடம் ஜனவரியில் ஒரு காலை, அவனுடைய சமையலறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பிரவீண் என்று தமிழ்நாட்டுப் பொடியன். கணினி வேலை. மனைவி ஸ்ரீநிதி, ஐந்து வயதில் அட்சயா என்று ஒரு மகள். முன்பு ஸ்ரௌவ்வில்லில் வாடகைக்கு இருந்தார்கள். அந்த வீட்டு ஃபேர்னஸை தியாகு இரண்டு தடவை திருத்தியிருக்கிறான். பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றானதும், வடக்கே மூன்று மணித்தியாலம் தள்ளிக் காட்டுக்குள் காணி வாங்கிக் குடிபோய்விட்டார்கள். அந்த வீட்டுக்குக் கரண்ட் கம்பி போகவில்லை. காஸ் குழாயும் இல்லை. கூரையில் சூரியத் தகடு, பின்கொட்டிலில் பற்றரி, வீட்டுக்குள் விறகு அடுப்பு, இணையமும் தொலைபேசியும் வானத்துச் செய்மதியிலிருந்து. கேள்விப்பட்ட அன்றைக்கே நான் விசர் வேலை என்று சொல்லிவிட்டேன். கனடாவுக்கு வந்ததே சுவிச்சைத் தட்டினால் சூடு வரும் என்றுதானே.

"அங்கிள், அடுப்புப் புகை உள்ளேயே திரும்பி வருது," என்றான் பிரவீண். "பேட்டரி ரெண்டு நாளா சார்ஜ் ஆகல. சமையல் கேஸும் தீர்ந்துடுச்சு, லாரி வரல. இங்க ரிப்பேர் ஆளுங்க வியாழக்கிழமைதான் வருவாங்களாம். போன்லயே ஏதாவது சொல்லித் தர முடியுமா?"

தியாகு புகையைப் பற்றியும் கேட்கவில்லை, பற்றரியைப் பற்றியும் கேட்கவில்லை. "பிள்ளை எங்க படுக்கிறா?"

"மாடியில, அவ ரூம்லதான். ரெண்டு ஸ்வெட்டர் போட்டு..."

"வீட்டுக்குள்ள எத்தினை டிகிரி?"

"காலைல ஏழு இருந்துச்சு."

"வாறன்," என்று வைத்துவிட்டான்.

மூன்று பேரையும் வானில் ஏற்றி ரொறன்ரோவுக்குக் கொண்டு வருவது என்பதுதான் திட்டம். அவன் தனியாகப் போகக் கூடாது என்று சொல்லி நானும் வெளிக்கிட்டேன். உண்மையில் வீட்டில் இருக்க அலுப்பாக இருந்தது. ரதி விஷயத்தைக் கேட்டதும் அலுமாரி மேலிருந்து கம்பளிகளை இறக்கினாள். புலிப்படம், சிங்கப்படம், ரோசாப்பூப் படம் போட்ட பாரமான கம்பளிகள். சிப் வைத்த பையில் அப்படியே கிடக்கும், எங்கள் சனத்தின் வீடுகளில் ஆறேழாவது இருக்கும். அரிசி, பருப்பு, ஊறுகாய் எல்லாம் கட்டினாள். கடைசியில் சோறு சமைக்கிற ரைஸ் குக்கரையும் பெட்டியோடு வைத்தாள்.

"அங்க கரண்ட் இல்லையப்பா," என்றேன்.

"சூரியக் கரண்ட் இருக்கெண்டுதானே சொன்னியள். பிள்ளைக்குச் சோறில்லாமல் என்னெண்டு?"

நயாகரா பார்க்கப் போனாலும் மோட்டல் அறையில் குக்கர் வைக்கிற இனம் நாங்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

பன்னிரண்டு மணி வரை வானம் வெளிச்சமாகத்தான் இருந்தது. அதன்பிறகு மூடிக்கொண்டு கொட்டத் தொடங்கியது. பெரிய வீதியை விட்டு அவர்களுடைய காட்டுப் பாதையில் இறங்கி ஒரு கிலோமீற்றர் போகவில்லை, வான் ஒரு பக்கம் சரிந்து பனிக்குள் புதைந்துவிட்டது. முப்பது வருடம் பஸ் ஓடியவன் என்ற முறையில் நான் முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்துப் பார்த்தேன். இன்னும் ஆழமாகப் புதைந்ததுதான் மிச்சம். பிரவீண் பிள்ளையின் சறுக்குப் பலகையோடு எங்களைத் தேடிக்கொண்டு வந்தான். சாமான்களை அதில் கட்டி இழுத்துக்கொண்டு நடந்தோம். வீட்டுக்குப் போய்ச் சேர இரண்டரை மணி.

வீடு வடிவான வீடுதான், பொய் சொல்லக் கூடாது. ஏரியைப் பார்க்க ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கூரை அண்ணாந்து பார்க்கிற உயரம். வெயில் காலத்தில் நன்றாக இருக்கும். அன்றைக்கு உள்ளே மூச்சு விட்டால் ஆவி தெரிந்தது. புகை மணம். அட்சயா வெளியே போகிற பனி உடுப்போடு சோபாவில் இருந்து இருமிக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

ஸ்ரீநிதி அந்தப் பக்கத்தில் இயந்திரத்தால் பாதைப் பனியை வழிக்கிற ஷெர்லி என்ற பெண்ணுக்கு இணையத்தில் செய்தி அனுப்பினாள். உடனே பதில் வந்தது. புயல் நிற்கும்வரை யாரும் வர முடியாது. விடிய எட்டு மணிக்கு, பாதையில் எவ்வளவு பனி, மரம் ஏதும் விழுந்திருக்கிறதா என்று செய்தி அனுப்ப வேண்டும். செய்தி கிடைத்தால் முதலில் இந்தப் பக்கம் வருவாள். கிடைக்காவிட்டால் மறுபக்கத்து வீடுகளுக்குப் போய்விடுவாள். இங்கே வர இன்னும் இரண்டு நாள் ஆகும்.

ஸ்ரீநிதி இணையப் பெட்டியை நிறுத்திவிட்டு எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். "பேட்டரி பதினாலு பர்சென்ட்தான் இருக்கு. காலைல அந்த ஒரு மெசேஜுக்கு வேணும். அதுவரைக்கும் யாரும் எதையும் ப்ளக் பண்ணாதீங்க அங்கிள்."

"ஓம் பிள்ளை," என்றேன். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், நானும்தான் ஓம் என்றேன்.

தியாகு வழக்கம்போல அடுப்புப் பக்கம் போகவில்லை. வீட்டைச் சுற்றி நடந்து, மாடிக்குக் கீழே கூரை தாழ்ந்திருந்த மூலையைத் தெரிந்தெடுத்தான். அடுப்பும் அதை ஒட்டித்தான் இருந்தது. உத்தரத்தில் ஆணி அடித்து ரதியின் கம்பளிகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டான். அடுப்பையும் உள்ளே விட்டு, அதிலிருந்து நாலு முழம் தள்ளிப் புலியும் சிங்கமும் சுற்றி நிற்க, உள்ளே ஒரு சின்ன அறை உண்டாகியது. மெத்தைகளை இறக்கி அதற்குள் போட்டு, நச்சுப் புகை வந்தால் கத்துகிற சின்னக் கருவி ஒன்றையும் கொழுவினான். "மாளிகை முழுக்க ஆர் சூடாக்கிறது? உதுக்குள்ள இருந்தால் போதும்," என்றான். அட்சயா உள்ளே புகுந்து சிங்கத்தின் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

பிறகுதான் அடுப்பின் புகைக்குழாயைக் கழற்றினான். உள்ளே தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, விரல் போகிற அளவுக்குத்தான் ஓட்டை இருந்தது. ஈர விறகால் வந்த வினை. பிரவீண் விறகு அடுக்கியதை நான் பின்னால் போய்ப் பார்த்தேன். தார்ப்பாயை நிலம் வரை இழுத்து, சுற்றிவரக் கயிறு கட்டி, ஓரமெல்லாம் கல் வைத்திருந்தான். அடைமழைக்கு மூடுகிற மூடல். எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் மூடியிருப்பார்கள், நானும்தான். இந்த ஊரில் மேலே மட்டும் மூடிப் பக்கங்களைக் காற்றுக்கு விட வேண்டுமாம். உள்ளே மரம் வேர்த்து நனைந்து கிடந்தது. "பரவாயில்லை தம்பி, காய்ஞ்ச மரம் வீட்டுக்குள்ள என்ன இருக்கு?" என்று தியாகு கேட்டான். பிரவீண் தானே செய்த சாப்பாட்டு மேசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வாளை எடுத்து வந்தான்.

இருவரும் குழாயையும் மேசையையும் தூக்கிக்கொண்டு வெளியில் போனார்கள், துப்புரவாக்கவும் அரியவும். ஸ்ரீநிதி மேலே தலையணை பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குத் தந்த வேலை பிள்ளையைப் பார்ப்பது. நேரம் நாலுமணி இருக்கும். அவள் கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"தாத்தா, சாதம் இருக்கா?"

மூன்று நாளாக அந்தப் பிள்ளை பாணும் பிஸ்கட்டும்தான் சாப்பிட்டிருக்கிறது. அடுப்பு மூட்ட இன்னும் ஒரு மணித்தியாலம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். சுவரில் பிளக் இருந்தது. எதிர் மூலையில், பற்றரிக் கரண்ட் வருகிற பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. ஒரு சுண்டு அரிசிக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். பெண் பிள்ளைகள் எதையும் பெரிதாக்கித்தான் சொல்லுவார்கள் என்றும் நினைத்தேன். நினைத்ததை நினைத்தபடிதான் எழுத வேண்டும்.

குக்கர் பத்து நிமிடம்தான் வேலை செய்தது. தண்ணீர் கொதிக்கத் தொடங்கவும் பெட்டி மூன்று தரம் கீச்சிட்டது. பச்சை விளக்கு அணைந்தது. எண் காட்டுகிற கண்ணாடியும் கறுத்துப் போனது. நான் வயரை இழுத்தேன், திரும்பப் போட்டேன், திரும்ப இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. சட்டியை வெளியில் எடுத்து மூடி வைத்துவிட்டு, குக்கரைத் துடைத்துப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியை அரிசிச் சாக்குக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். அறுபத்தேழு வயது மனிசன் களவெடுத்த பூனை மாதிரி.

பிரவீண் உள்ளே வந்து கரண்ட் பெட்டியைப் பார்த்தான். "போச்சு. குளிர்ல கட் ஆயிடுச்சு போல," என்றான். ஸ்ரீநிதியின் முகம் வெளுத்தது. தியாகு, "பற்றரியை விடியப் பாப்பம். முதல் அடுப்பு," என்றான். நான் வாய் திறந்திருக்க வேண்டிய இடம் அது. அந்தப் பெண் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் கேட்காதவன் என்று தெரிய வருமே என்ற வெட்கம். வெட்கம் என்று சொன்னால் அழகாக இருக்கிறது, கௌரவம்.

அடுப்பு மூண்டது. மேசை நன்றாக எரிந்தது. அரை வேக்காட்டுச் சட்டியை நான் அடுப்பின் மேல் வைத்தேன். பருப்போடு பிசைந்து கொடுக்க, அட்சயா இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். புலிக் கம்பளிகளுக்குள் பதினெட்டு டிகிரி. பிள்ளையின் கன்னத்தில் நிறம் வந்துவிட்டது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

விடிய வெளியில் சைபருக்குக் கீழே முப்பத்துநாலு. புயல் நின்றிருந்தது. ஏழு மணிக்கே தியாகு கொட்டிலுக்குப் போய்விட்டான். கொட்டில் வீட்டிலிருந்து இருபது அடி. கதவைத் திறந்து வைத்தால்தான் வெளிச்சம். நான் சமையலறை ஜன்னலடியில் நின்று பார்த்தேன். பற்றரியின் தடித்த வயர்களை இறுக்கியிருக்கிற சின்ன நட்டுகள் கையுறையோடு பிடிபடாது. வலக்கைக் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினான். ஒவ்வொரு வயராகக் கழற்றி, சுரண்டி, திரும்பப் பூட்டினான். இருபது நிமிடத்துக்கொரு தரம் உள்ளே வந்து கையைக் கமக்கட்டுக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு நிற்பான்.

"எங்கேயோ ஒரு வயர் லூசா இருக்கோணும் அண்ணை," என்றான். "குளிரெண்டால் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். நேற்றுப் பின்னேரம் நல்லா வேலை செய்தது, டப்பெண்டு நிண்டிட்டுது. தொடுப்பு விட்டால்தான் உப்பிடி நிக்கும்."

அவன் சொன்னது சரி. வேலை தெரிந்தவன் சரியாகத்தான் யோசிப்பான். அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது.

"விடு தியாகு, குளிராக் கிடக்கு," என்றேன்.

"எட்டு மணிக்கு மெசேஜ் போகோணும். இன்னும் ரெண்டு நாளெண்டால் எரிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

திரும்பவும் போனான். திரும்பவும் வந்தான். மூன்றாம் தரம் போய்விட்டு வந்தபோது எட்டேகால். விரல் நுனிகள் மெழுகு மாதிரி வெள்ளையாக இருந்தன. "சரிவராது," என்றான். அப்போதுதான் பிரவீண், பின்னால் மலைமேட்டில் ஏறினால் தொலைபேசிக்கு ஒரு கோடு சிக்னல் வரும், போக அரை மணித்தியாலம் ஆகும் என்றான். ஏழு மணிக்கே போயிருக்கலாம். பற்றரி செத்துப் போனது எதனால் என்று தெரிந்திருந்தால் ஏழு மணிக்கே போயிருப்பான். பிரவீண் பனிச்சப்பாத்தைக் கட்டிக்கொண்டு ஓடினான். ஷெர்லி அதற்குள் மறுபக்கம் திரும்பிவிட்டாள். என்றாலும் பிள்ளை இருக்கிறது என்று கேட்டதும் ஒரு வீட்டை மட்டும் முடித்துக்கொண்டு வந்தாள். மூன்று மணிக்கு அவளுடைய இயந்திரத்தின் சத்தம் கேட்டது. அப்போது அடுப்பில் மாடிப்படியின் கடைசிப் பலகை எரிந்துகொண்டிருந்தது.

மருத்துவமனையில் பிள்ளைக்கு நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார்கள். தியாகுவின் வலக்கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் முதலில் கொப்புளம் போட்டு, பிறகு கறுத்தன. வெட்ட வேண்டி வரவில்லை. தோல் உரிந்து புதுத்தோல் வந்தது. ஆனால் நுனிகளில் உணர்ச்சி வரவில்லை. இனி வருமோ தெரியாது என்றார் டொக்டர்.

பிரவீண் குடும்பம் பனி முடியும்வரை ஒரு வாடகை வீட்டில் இருந்துவிட்டு, ஏப்ரலில் காட்டு வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டது. இப்போது பற்றரி வீட்டுக்குள், விறகுக்கு மேலே மட்டும் தார்ப்பாய் என்று படம் அனுப்பியிருந்தான். எனக்கு இப்போது அது விசர் வேலையாகத் தெரியவில்லை. நான் அந்த மூன்று மாதமும் கோயிலில், கலியாண வீட்டில், கடையில் என்று கண்ட இடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னேன். தியாகுவைப் புகழ்ந்துதான் சொன்னேன். குக்கரை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். சொல்லச் சொல்ல, அந்தக் கதையில் குக்கர் இல்லை என்றே எனக்குப் பழகிக்கொண்டு வந்தது.

போன கிழமை அவனுடைய சமையலறைக்குப் போனேன். மேசையில் ஏதோ ஒரு வீட்டு ஃபேர்னஸின் பாகம் ஒன்றை வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தான். சின்னத் திருகாணி ஒன்றை வலக்கையால் எடுத்தான். அது விரலிலிருந்து நழுவி விழுந்துவிட்டது. அவனுக்கு அது விழுந்ததே தெரியவில்லை. வெறும் விரல்களை ஓட்டைக்கு நேரே கொண்டுபோய் வைத்துத் திருகினான். குனிந்து பார்த்து, ஆணி இல்லை என்று கண்டு, இன்னொன்றை எடுத்தான். அதுவும் விழுந்தது.

என்னால் இருக்க முடியவில்லை. "தியாகு, அண்டைக்குக் கரண்ட் நிண்டது குளிராலயும் இல்லை, வயராலயும் இல்லை. நான் குக்கரைப் போட்டனான்," என்றேன். ஸ்ரீநிதி சொன்னதையும், பெட்டி கீச்சிட்டதையும், சாக்குக்குப் பின்னால் ஒளித்ததையும் சொன்னேன். அழுகை வந்தது. வயது போனால் இதுவும் ஒரு கரைச்சல்.

அவன் நான் முடிக்கும்வரை கேட்டான். கையில் இருந்த திருப்புளியை மேசையில் வைத்தான்.

"சோறு போட்டது பிழையெண்டு நான் சொல்லன் அண்ணை. பிள்ளை பசியோட இருந்தது," என்றான். கொஞ்ச நேரம் தன் விரல்களைப் பார்த்தான். "ஆனா நான் மூண்டு தரம் வெளியில போனனான். மூண்டு தரமும் நீங்கள் ஜன்னலடியில நிண்டியள்."

"ஓம்," என்றேன்.

மேசைக்குக் கீழே குனிந்து, இரண்டு ஆணிகளையும் தேடி எடுத்தேன். எந்த ஓட்டை என்று கேட்டேன். அவன் இடக்கை விரலால் தொட்டுக் காட்டினான்.